கம்பி முட்டும் ஆழம்

அலாஸ்காவின் வடகோடியில் கோடையைக் கழிக்கப் போகும் பள்ளி ஆசிரியர் பை கட்டும்போது முதலில் எடுத்துவைக்க வேண்டியது ரோமக் கோட்டு அல்ல. முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸ். அடுத்தது தலையையும் முகத்தையும் மூடும் கொசுவலை. அதற்கும் அடுத்தது, தூங்கும்போது கண்ணை மறைத்துக் கட்டிக்கொள்ளும் கறுப்புத் துணி. ஆர்க்டிக் என்றால் வெண்பனியும் வெள்ளைக் கரடியும் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் வேறு ஏதோ ஊருக்கானது போலத் தோன்றும். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றையும் ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலான பதில்கள் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: புல்லுக்கு அரை மீட்டர் கீழே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இளகாமல் கிடக்கும் உறைந்த மண்ணில்.

துருவ ஆய்வுக் குழுக்களோடு பள்ளி ஆசிரியர்களையும் அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் 1990களிலேயே தொடங்கிவிட்டது. அந்த வரிசையில் அதிகம் அறியப்பட்டது 2007இல் ஆரம்பித்த போலார்ட்ரெக் என்ற திட்டம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுத்தது. தேர்வான ஆசிரியர்கள் இரண்டு முதல் ஆறு வாரங்கள்வரை ஒரு ஆய்வுக் குழுவில் ஒருவராக வேலை செய்தார்கள். மண் மாதிரி எடுப்பது, ஏரி நீரை வடிகட்டுவது, செடியின் இலைகளை எண்ணிக் குறிப்பது என்று கையால் செய்யும் வேலை. மாலையில் அங்கிருந்தே தங்கள் மாணவர்களுக்கு எழுதினார்கள், நேரலையில் பேசினார்கள். இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக மதிப்பது, ஆசிரியர் அங்கே நிபுணராகப் போவதில்லை என்பதைத்தான். முகாமில் மற்றவர்களுக்குப் பழகிப்போன எல்லாம் அவருக்குப் புதிது. “இவ்வளவு தண்ணீர் ஏன் இங்கேயே நிற்கிறது?” என்று கேட்க ஆளில்லாமல் போன இடத்தில், அதைக் கேட்க ஒருவர் வந்து சேர்கிறார். நல்ல ஆய்வாளர்களுக்கு அப்படி ஒருவர் தேவை.

இப்படிப் போன ஆசிரியர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் டூலிக் ஆய்வு நிலையம். புரூக்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், 68 டிகிரி 38 நிமிட வட அட்சத்தில், ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. 1975இல் சில ஆய்வாளர்கள் அந்த ஏரியைத் தேடி வந்ததில் தொடங்கியது. இன்று அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. ஏரிக்குப் போக வழி பிறந்ததே எண்ணெயால்தான். ப்ரூடோ விரிகுடாவில் கிடைத்த எண்ணெயைத் தெற்கே கொண்டுவரக் குழாய் போட வேண்டியிருந்தது, குழாய் போடச் சாலை வேண்டியிருந்தது. 1974இல் ஐந்தே மாதங்களில் அந்தச் சாலையைப் போட்டு முடித்தார்கள். டால்டன் நெடுஞ்சாலை என்று பெயர். பெரும்பகுதி சரளைக்கல், 666 கிலோமீட்டர் நீளம். ஃபேர்பேங்க்ஸிலிருந்து டூலிக் போக ஒரு முழு நாள் ஆகும். யூகான் ஆற்றைக் கடந்து, கோல்ட்ஃபுட் என்ற சிற்றூரில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதை விட்டால் சாலை முடியும்வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டருக்கு வேறு பங்க் கிடையாது. வழியில் மரங்கள் குட்டையாகி, மெலிந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோகின்றன. பிறகு 1,444 மீட்டர் உயரத்தில் அட்டிகன் கணவாய். அதைத் தாண்டினால் வடசரிவு: மலையிலிருந்து ஆர்க்டிக் கடல்வரை சரிந்து இறங்கும், மரமே இல்லாத தூந்திரா வெளி.

ஆசிரியரின் பாடம் வண்டிக்குள்ளேயே தொடங்கிவிடும். சாலையோடு கூடவே வரும் எண்ணெய்க் குழாயைப் பார்த்தால் போதும். 1,287 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் பாதிக்கும் மேல் தரைக்கு மேலே, இரும்புக் கால்களில் நிற்கிறது. உள்ளே ஓடுவது சூடான எண்ணெய். புதைத்திருந்தால் சுற்றியுள்ள உறைந்த மண் இளகிச் சேறாகும், குழாய் புதைந்து முறியும். கால்களில் நிறுத்தினாலும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை, கால்கள் ஊன்றிய மண்ணும் இளகாமல் இருக்க வேண்டுமே. அதனால் பெரும்பாலான கால்களுக்குள் மெல்லிய வெப்பக் குழாய்கள் இரண்டிரண்டாக இறக்கப்பட்டன; மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். உச்சியில் அலுமினியத் தகடுகள் விசிறிபோல விரிந்திருக்கும். குழாயினுள் இருப்பது அம்மோனியா. குளிர்காலத்தில் மேலே காற்று மைனஸ் 30 டிகிரி, கீழே மண் அதைவிடச் சூடு. அந்தச் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலேறுகிறது, உச்சியில் குளிர்ந்து திரவமாகிறது, சுவரை ஒட்டி வழிந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மண்ணின் வெப்பத்தில் கொஞ்சத்தை வெளியேற்றிவிடுகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் காற்று மண்ணைவிடச் சூடாகும்போது சுழற்சி தானே நின்றுவிடும். குளிர்காலத்தில் மண்ணுக்கு ஏற்றிவைத்த குளிர் கோடை முழுதும் தாங்கும். 1970களின் பொறியாளர்கள் உறைநிலத்தை எவ்வளவு பயத்தோடும் மரியாதையோடும் அணுகினார்கள் என்பதை அந்தத் தகடுகள் கிலோமீட்டர் கணக்கில் சொல்லிக்கொண்டே வருகின்றன.

உறைநிலம் என்பதற்கு அறிவியல் சொல்லும் வரையறை எளிது: தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பூஜ்ஜியம் டிகிரிக்கு மேலே போகாத நிலம். மண்ணோ பாறையோ எதுவானாலும் சரி, பனிக்கட்டி இருந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. ப்ரூடோ விரிகுடாவில் இது 600 மீட்டருக்கும் கீழே போகிறது. டூலிக் பக்கம் அவ்வளவு ஆழமில்லை என்றாலும் நூறு மீட்டரைத் தாண்டும். அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் ஒவ்வொரு கோடையும் இளகி, ஒவ்வொரு குளிர்காலமும் மீண்டும் உறைகிறது. செடி, வேர், புழு, நுண்ணுயிர், அணில் என்று தூந்திராவின் உயிர் முழுவதும் அந்த மேலடுக்குக்குள் நெருக்கியடித்து வாழ்கிறது. டூலிக் பகுதியில் கோடை முடிவில் அளந்தால் அது பெரும்பாலும் அரை மீட்டர்தான்.

ஏன் அரை மீட்டர் மட்டும்? புறப்படுவதற்கு முன் ஆசிரியர் தன் வகுப்பின் முன் வைக்க வேண்டிய முதல் கேள்வி இது என்பேன். ஏனென்றால் அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஜூன் 21 அன்று டூலிக்கில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி உயரத்தில் நிற்கும். நள்ளிரவில் நேர் வடக்கே, இரண்டு டிகிரி உயரத்தில், சமவெளியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வட்டம் முழுவதும் தொடுவானத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. மே கடைசியிலிருந்து ஜூலையில் பெரும்பகுதிவரை அஸ்தமனமே இல்லை. இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், ஜூன் மூன்றாம் வாரத்தில் காற்றுமண்டலத்தின் உச்சியில் வட துருவம் பெறும் சூரிய ஆற்றல், நிலநடுக்கோடு பெறுவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். சாய்வான வெயில்தான், ஆனால் ஓய்வே இல்லாத வெயில். உடலுக்கு இதில் சங்கடம் உண்டு. இரவு வருகிறது என்று மூளைக்குச் சொல்லும் மெலட்டோனின் சுரக்க இருட்டு வேண்டும். கண்ணுக்குள் வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தால் சுரப்பு தள்ளிப்போகும். களைத்த உடல் விழித்தே கிடக்கும். பையில் கறுப்புத் துணி இருப்பது அதற்காகத்தான்.

இவ்வளவு ஆற்றலும் எங்கே போகிறது? முதல் பங்கைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பும். வடசரிவில் பனிப்போர்வை விலகவே மே முடிந்துவிடும், சில ஆண்டுகளில் ஜூனும் பிறந்துவிடும். பிறகு மண்ணுக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது, ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த உள்ளுறை வெப்பம். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை அதே பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக மாற்றவே 334 ஜூல் வேண்டும். அதே வெப்பத்தை அந்த ஒரு கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் 80 டிகிரிவரை சூடாகிவிடும். உறைந்த மண்ணின் துளைகளெல்லாம் பனிக்கட்டி. கீழே இறங்கும் வெப்பம் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இந்த வரியைக் கட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு இறங்க முடியும். பாதி வழியில் கோடை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது காவலாளி மேலே இருக்கும் பாசி. தூந்திராவில் மண்ணை மூடிக் கிடக்கும் பசுமையான நிலப்பாசியும், அதற்கடியில் முழுதாக மக்காத தாவரக் கழிவும் சேர்ந்து ஒரு மெத்தை. இது வேலை செய்யும் விதம் எனக்குப் படிக்கப் படிக்க அலுக்காதது. கோடையில் மேல்பாகம் காய்ந்து, காற்று நிறைந்து, வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. இலையுதிர்காலத்தில் மழையிலும் பனியிலும் நனைகிறது. பிறகு அந்த ஈரத்தோடே உறைகிறது. பனிக்கட்டி தண்ணீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். எனவே அதே மெத்தை குளிர்காலத்தில் கதவைத் திறந்துவிட்டு, மண்ணின் வெப்பத்தை வெளியேற விடுகிறது. உள்ளே வரும் வழி குறுகல், வெளியே போகும் வழி அகலம். தரையின் மேற்பரப்பு ஆண்டுச் சராசரியில் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தால்கூட, கீழே உறைநிலம் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவு தண்ணீரை மூன்று தட்டுகளில் உறையவைத்து, ஒன்றின்மேல் மணல், ஒன்றின்மேல் செடிக்கடையில் கிடைக்கும் காய்ந்த பாசி, மற்றொன்றின்மேல் நன்றாக நனைத்த பாசி என்று ஒரே கனத்துக்குப் பரப்பி, வெயிலில் வைத்து, எது எப்போது எவ்வளவு உருகுகிறது என்று குறிக்க வேண்டியதுதான். (நம் ஊரில் செய்வதானால் பாசிக்குப் பதில் தென்னை நார்க்கழிவு போதும்.) முடிவை முன்கூட்டியே ஊகித்து எழுதிவைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஆசிரியர் புறப்பட்டுப் போன பிறகு அவர் அனுப்பும் எண்களைப் படிக்கும் கண் அந்தப் பிள்ளைகளுக்கு அப்போதே கிடைத்துவிடும்.

அந்த எண்களை எடுக்கும் கருவியைவிட எளிய அறிவியல் கருவி இருக்குமா தெரியவில்லை. சென்டிமீட்டர் குறியிட்ட ஒரு எஃகுக் கம்பி, பிடிக்க ஒரு குறுக்குக் கைப்பிடி. தரையில் நேராக அழுத்த வேண்டும். பாசியைத் துளைத்து, சேற்றில் வழுக்கி இறங்கி, ஓரிடத்தில் முட்டி நிற்கும். தரைமட்டத்தில் கம்பியில் என்ன எண் என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். கல்லில் முட்டியதா உறைநிலத்தில் முட்டியதா என்று கை பழகித்தான் தெரியவரும். கல்லானால் ஓசையும் அதிர்வும் கூர்மை, உறைமண்ணானால் மந்தம். 1991இல் தொடங்கிய ஒரு சர்வதேசக் கண்காணிப்பு வலையமைப்பு ஆர்க்டிக் நாடுகள் முழுவதிலும் இப்படித்தான் அளந்துவருகிறது. ஒரு சதுர நிலத்தை எடுத்து, வரிசைக்கு 11 புள்ளியாக 11 வரிசை. ஆக 121 இடங்களில், ஒவ்வொரு கோடை முடிவிலும் கம்பி இறங்குகிறது. ஒரே நிலத்தில் பத்தடி தள்ளிக் குத்தினால் எண் மாறும் என்பதால்தான் இத்தனை புள்ளிகள். ஒரு அளவு போதாது, ஏன் போதாது என்பதை வகுப்பில் ஒரு மாதம் விளக்குவதைவிட, மழையில் நின்று 121 முறை குனிந்து நிமிர்ந்த ஒருவர் சொன்னால் அதன் எடை வேறு.

இப்போது ரப்பர் பூட்ஸுக்கு வருவோம். டூலிக்கில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து 300 மில்லிமீட்டர் சொச்சம். வேறு எங்காவது இருந்தால் அதை வறண்ட பூமி என்போம். ஆனால் அங்கே அடியெடுத்து வைத்தால் கணுக்கால்வரை தண்ணீர். கீழே இறங்க வழியில்லை, அரை மீட்டரில் உறைந்த தரை. ஆவியாகிப் போகவும் குளிர் விடுவதில்லை. அதனால் விழுந்த கொஞ்சத் தண்ணீரும் குட்டையாக, ஏரியாக, ஊறிய பாசியாக அங்கேயே தங்குகிறது. அந்த ஈரத்துக்கு நடுவே பஞ்சுப்புல் திட்டுத்திட்டாக வளர்கிறது. முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவான குமிழ்கள். மேலே மிதித்தால் சாயும், இடையில் மிதித்தால் சேறு. புறப்படும் முன் சில மாதமாவது முதுகில் சுமையோடு கரடுமுரடான நிலத்தில் நடந்து பழகாவிட்டால், முதல் நாளே கணுக்கால் பிசகிவிடும்.

அந்தப் பஞ்சுப்புல்லைத் திட்டிக்கொண்டே கடப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஒரு குமிழ் நூறாண்டுக்கும் மேல் வாழக்கூடியது. ஆனால் அதன் வேர்களுக்கு ஆயுள் ஒரே கோடை. ஒவ்வொரு ஆண்டும் புது வேர் விட்டு, மண் இளக இளக அந்த உறைந்த தரையைத் துரத்திக்கொண்டே கீழே இறங்குகிறது. மற்ற செடிகளின் வேர் எட்டாத ஆழத்தில், அப்போதுதான் இளகிய மண்ணின் சத்தை முதலில் உறிஞ்சுகிறது. குளிர் திரும்பியதும் வேர்கள் இறக்கின்றன. அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

தேங்கிய நீர் என்றால் கொசு. ஆர்க்டிக் கொசுவின் முட்டைகள் உறைந்த மண்ணில் குளிர்காலத்தைத் தாண்டி, பனி உருகிய குட்டைகளில் ஒரே சமயத்தில் பொரிகின்றன. அதனால்தான் ஜூன் கடைசியில் மேகம்போல வருகின்றன. கரிபு மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் காற்று வீசும் மேட்டுக்கும் உருகாமல் எஞ்சிய பனித்திட்டுகளுக்கும் ஓடும். மேற்கு கிரீன்லாந்தின் காங்கர்லுஸ்ஸுவாக்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதில் ஒரு நுட்பமான கணக்கைப் போட்டது. வெப்பம் கூடினால் குட்டைகளிலுள்ள வண்டுகள் கொசுப் புழுக்களை அதிகமாகத் தின்னும். ஆனால் புழுக்களும் வேகமாக வளர்ந்து, தின்னப்படும் முன்பே பறந்துவிடும். இரண்டில் எது வெல்லும்? வெப்பம் இரண்டு டிகிரி கூடினால் கொசு பிழைக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கும் மேல் உயரும் என்று வந்தது விடை. அதே கொசுக்கள் ஒரு சின்ன ஆர்க்கிட் செடிக்கு மகரந்தம் சுமப்பவை என்பதையும் ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடிபட்ட பிறகு சொன்னால் இன்னும் நேர்மையாக இருக்கும்.

பைக்குள் பருத்தித் துணி கூடாது என்பார்கள். இது கெடுபிடி அல்ல, இயற்பியல். டூலிக்கில் கோடையின் எந்த மாதத்திலும் பனி விழலாம். அதைவிடப் பொல்லாதது ஐந்து டிகிரியில் காற்றோடு வரும் மழை. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு, இழைகளுக்கு இடையிலிருந்த காற்றையெல்லாம் இழந்து, உடம்புச் சூட்டை இறைத்துக் கொட்டும். உலர உலர இன்னும் குளிரும். கம்பளியோ நனைந்தாலும் தன் சுருளில் கொஞ்சம் காற்றை வைத்திருக்கும். ஒரே தடிமனான உடுப்பைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல் என்பதும் இதே கணக்குத்தான்: வியர்க்கும் முன் ஒன்றைக் கழற்ற முடிய வேண்டும்.

முகாமில் குளியல் வாரத்துக்கு ஓரிரு முறை, அதுவும் சில நிமிடங்கள். தண்ணீர் இல்லாமல் அல்ல, வாசலிலேயே ஏரி இருக்கிறது. கழிவுநீரைத்தான் எங்கும் விட முடியாது; வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். அந்த ஏரிகளும் ஆறுகளும் சத்துக் குறைந்தவை. அந்த வறுமையே அங்கே ஆய்வுப் பொருள். எவ்வளவு சிறிய அளவு அவற்றைப் புரட்டிவிடும் என்று காட்டியது குபாருக் ஆற்றில் நடந்த பரிசோதனை. 1983இல் தொடங்கி ஒவ்வொரு கோடையும் ஓரிடத்தில் பாஸ்பரஸைச் சொட்டுச் சொட்டாக ஆற்றில் விட்டார்கள். முதல் ஆண்டுகளில் கீழ்ப்பக்கக் கற்களில் நீர்ப்பாசி படர்ந்தது, பூச்சிகள் பெருகின, மீன்கள் கொழுத்தன. எதிர்பார்த்ததுதான். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, ஆற்றடி முழுவதையும் வேறொரு நிலப்பாசி வந்து மூடிக்கொண்டது. பூச்சிகளின் வகையே மாறிப்போனது. மூன்றாம் ஆண்டில் பணம் தீர்ந்து ஆய்வை மூடியிருந்தால், தவறான விடையைச் சரியென்று நம்பிப் புத்தகத்தில் அச்சிட்டிருப்போம். பள்ளிப் பாடத்தில் ஒரு பரிசோதனை நாற்பது நிமிடத்தில் முடிகிறது. ஆசிரியருக்கு இதைவிட உறுத்தும் செய்தி இருக்க முடியாது.

மாணவர்கள் கட்டாயம் மிருகங்களைப் பற்றிக் கேட்பார்கள். கரடித் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஃபேர்பேங்க்ஸில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதோடு கரடிக் கதையை முடித்துவிட்டு, அவர்கள் கவனத்தை ஒரு அணில் பக்கம் திருப்பலாம். ஆர்க்டிக் தரை அணில் ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்குகிறது. உறைநிலம் தடுப்பதால் வளையை ஆழமாகத் தோண்ட அதனால் முடியாது. பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போகும் மேலடுக்கு மண்ணிலேயே படுத்திருக்க வேண்டும். 1989இல் பிரையன் பார்ன்ஸ் என்ற ஆய்வாளர், அப்படி உறங்கும் அணிலின் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரிவரை இறங்குவதை அளந்து வெளியிட்டார். உறைநிலைக்குக் கீழே போயும் இரத்தம் உறைவதில்லை, பனிப்படிகம் உருவாக ஒரு வித்துகூட இல்லாமல் திரவமாகவே நிற்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுங்கி நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நாளுக்கும் குறைவாக அந்தச் சூட்டில் இருந்துவிட்டு, மீண்டும் குளிர்ந்துபோகிறது. பாலூட்டிகளில் இவ்வளவு கீழே போய்த் திரும்பும் வேறொன்று அறியப்படவில்லை.

இத்தனைக்கும் அடியிலிருக்கும் உறைந்த தரை நிலையாக இருக்கும் என்று இனி சொல்ல முடியாது. 1979 முதல் இன்றுவரை ஆர்க்டிக், உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. வடசரிவின் கரையோர ஆழ்துளைகளில் 20 மீட்டர் ஆழத்தில் வைத்த வெப்பமானிகள், 1980களிலிருந்து இரண்டு டிகிரிக்கும் அதிகமான உயர்வைக் காட்டுகின்றன. இருபது மீட்டர் ஆழம் என்பது கோடையோ குளிர்காலமோ தெரியாத இடம். அங்கே எண் மாறினால் அது வானிலையின் சலனம் அல்ல. வட அரைக்கோளத்தின் உறைநில மண்ணில் அடைந்து கிடக்கும் கார்பன் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன், காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. மக்க வேண்டியவை மக்காமல் குளிரில் தேங்கியதால் சேர்ந்த சேமிப்பு அது. 2007 ஜூலையில் டூலிக்குக்கு வடமேற்கே அனக்டுவுக் ஆற்றுப் பகுதியில் மின்னல் விழுந்து தூந்திரா பற்றிக்கொண்டது. ஈரம் ஊறிய அந்த நிலம் அன்று காய்ந்திருந்தது. இலையுதிர்காலம்வரை எரிந்து 1,039 சதுர கிலோமீட்டரைத் தின்றது. 21 லட்சம் டன் கார்பன் காற்றில் கலந்தது. எரிந்தவற்றில் பெரும்பகுதி, வெப்பத்தைத் தடுத்துக் காவல் காத்த அதே பாசி மெத்தை. நெருப்பு அணைந்த பிறகும் இளகும் ஆழம் அங்கே கூடிக்கொண்டே போனது அதனால்தான்.

இந்த இடத்தில் கம்பியைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. வடசரிவின் மண் வெறும் ஈர மண் உறைந்தது அல்ல. குளிர்காலத்தில் நிலம் சுருங்கி வெடிக்கிறது, வசந்தத்தில் உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது, அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் வெடிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆளுயரத்துக்கு மேலான பனி ஆப்புகள் மண்ணுக்குள் வளர்ந்து நிற்கின்றன. அலாஸ்காவின் வடகரையில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த எர்னஸ்ட் லெஃபிங்வெல் 1915இல் இந்த விளக்கத்தை எழுதினார். ஆப்புகள் இல்லாத இடத்திலும் மண்ணில் பனிக்கட்டியின் பங்கு மிகுதி. அந்தப் பனி உருகி நீர் வழிந்துபோனால் நிலமே அமிழ்ந்துவிடுகிறது. அலாஸ்காவின் வடமுனையிலுள்ள அளவை நிலத்தில் பல ஆண்டுகளாகக் கம்பி ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. உறைநிலம் இளகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் தரையின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது: மேலே புல்தரை இறங்கிக்கொண்டிருந்தது, கீழே உறைந்த தரையும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை மட்டும் அளந்த கம்பிக்கு அது தெரிய வழியில்லை. வேகமாக அமிழும் நிலங்களில் இன்று கம்பியோடு ஜிபிஎஸ்ஸையும் எடுத்துப் போகிறார்கள். ஜூனில் வடக்கே கிளம்பும் ஆசிரியர் கம்பியை வாங்கிக்கொண்டதும் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த அளவுக்குப் பூஜ்ஜியம் எங்கே, போன ஆண்டும் அது அங்கேதான் இருந்ததா?